மாலை போட்ட இரண்டாம் நாள்: ஒரு ஆலோசனை மையத்தின் நிகழ்வு ஆய்வு

குடியைப் பற்றிக் கேட்கத் தவறிய ஒரு மனநல ஆலோசனை மையம் கேட்கக் கற்றுக்கொண்ட கதை இது. சம்பந்தப்பட்ட குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊர், வயது, தொழில் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் குடும்பத்தைப் பார்த்த எங்கள் ஆலோசகரும் வரைவைப் படித்துவிட்டு இரண்டு திருத்தங்கள் சொன்னார். ஒன்றை ஏற்றுக்கொண்டேன். இன்னொன்று, அவர் தன்னை இன்னும் கடுமையாக எழுதச் சொன்னது. அதை ஏற்கவில்லை.

பின்னணி

பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மனநல ஆலோசனை மையம் எங்களுடையது. ஆலோசகர்கள் ஆறு பேர், ஐந்து பெண்கள், ஒரு ஆண். உளவியலோ சமூகப்பணியோ முதுகலை படித்தவர்கள். நான் மேற்பார்வையாளர். ஆலோசனைக்கு மேலப்பாளையம், பேட்டை பக்கத்திலிருந்து நடந்தும் ஆட்டோவிலும் வருவார்கள். முக்கூடல், சேரன்மகாதேவி, களக்காடு, நாங்குநேரி பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் அதைவிட அதிகம். தூக்கமின்மை, படபடப்பு, புருஷன் பெண்டாட்டி தகராறு, பரீட்சை பயம் என்று வழக்கமான பட்டியல்தான்.

குடிக்கு மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை. யாரும் உட்கார்ந்து எடுத்த முடிவு இல்லை அது. குடிநோய்க்கென்று தனி மையங்கள் இருக்கின்றன, அது வேறு துறை என்று ஒரு பேச்சு ஆரம்ப நாளிலிருந்தே இருந்தது. வரவேற்பில் இருக்கும் அம்மா போனிலேயே சொல்லிவிடுவார்: "குடிக்குன்னா இங்க பாக்கிறதில்ல." இதனால் குடிப்பவர்கள் வராமல் இருந்துவிடவில்லை. வந்தவர்கள் அதைச் சொல்லாமல் இருக்கப் பழகினார்கள். செருப்பைக் கழற்றி வைப்பதுபோல அந்தப் பேச்சையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரும்படி நாங்களே சொல்லி வைத்திருந்தோம் என்பது பின்னால்தான் புரிந்தது.

பதிவுப் படிவத்தில் இதற்கென்று இருந்தது ஒரே வரி. "பழக்கவழக்கங்கள்: உண்டு / இல்லை." அவ்வளவுதான்.

வந்தவர்

நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. வாழைத்தார் வாங்கி விற்பவர். விடிவதற்கு முன்னே எழுந்து தோட்டத்துக்கோ ஏலத்துக்கோ போய், முற்பகல் பதினொன்றரைக்குள் கணக்கு முடித்துவிடும் தொழில். புரட்டாசிக் கடைசியில் மனைவி அழைத்து வந்தார். தூக்கம் இல்லை, சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறார், காலையில் எழுந்ததும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வாந்தி வருவதுபோல இருக்கிறது என்றார். இதயத்தைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

அவரைப் பார்த்தது இரண்டு வருட அனுபவம் உள்ள ஆலோசகர், இருபத்தேழு வயதுப் பெண். கவனமாக வேலை செய்கிறவர். முதல் அமர்வில் கேட்கவும் செய்தார். படிவத்தில் அந்த வரி வந்ததும், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "குடிப்பழக்கம் உண்டா சார்?" என்றார். "எப்பவாவது, விசேஷத்துக்கு" என்றார் அவர். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பில் "எப்போதாவது" என்று பதிவாயிற்று. மனைவி தரையைப் பார்த்தது பதிவாகவில்லை. ஆனால் ஆலோசகருக்கு அது நினைவில் இருந்தது, ஒரு மாதம் கழித்து நான் கேட்டபோது உடனே சொன்னார்.

அடுத்த இரண்டு அமர்வுகளும் பதற்றத்துக்கு உரிய வழக்கமான பாதையில் போயின. மூச்சுப் பயிற்சி, தூங்கும் நேர ஒழுங்கு, இரவு டீயைக் குறைப்பது. காலைப் படபடப்பு முற்பகலுக்கு மேல் தானே அடங்கிவிடுகிறது என்று அவர் சொன்னதும் குறிப்பில் இருக்கிறது. டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. அன்று யாரும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மாதா மாதம் கோப்பைப் படிக்கும் நானும்தான்.

கார்த்திகை இரண்டு

நான்காவது அமர்வுக்கு அவர் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வந்தார். முதல் நாள் காலையில் மாலை போட்டிருந்தார். 41 நாள் விரதம். வெளியே மழை, உள்ளே மின்விசிறி போட்டால் குளிரும் நாள், அவருக்கு மட்டும் நெற்றியில் வேர்த்து ஊற்றியது. தண்ணீர் கொடுத்த டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்தார். இரண்டு ராத்திரியாகக் கண் மூடவில்லை என்றார்.

ஆலோசகர் இதைப் பதற்றத்தின் உச்சம் என்று எடுத்துக்கொண்டார். தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை இருபது நிமிடம் செய்ய வைத்தார். மாலை போட்டது நல்ல முடிவு, மனசுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும் என்று ஊக்கமும் சொன்னார். அமர்வு முடியும்போது மணி 4.30.

அன்று ராத்திரி 2 மணிக்கு அவர் எழுந்து சுவரைத் தட்ட ஆரம்பித்தார். எறும்பு சாரை சாரையாக ஏறுகிறது என்றார். அப்புறம் வாசலுக்கு ஓடி, "லாரி நிக்கு, தாரை ஏத்தணும்" என்று இருட்டில் எதையோ தூக்கப் பார்த்தார். வீட்டில் முதலில் சாமி வந்திருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். குருசாமியைக் கூப்பிட்டார்கள். அவர் திருநீறு பூசி, விரதத்தில் ஏதோ பங்கம் நடந்திருக்கிறது என்றார். விடிந்ததும் பக்கத்து டவுனில் ஒரு சிறிய கிளினிக். அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவர் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது பகல் 12 தாண்டியிருந்தது.

அங்கே பணியில் இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப குடிச்சாரு?"

மனைவி சொன்னார்: "மாலை போடுறதுக்கு முந்தின ராத்திரி, பத்து மணிக்கு."

கணக்கு போட்டுப் பார்த்தால் எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலவே நடந்திருக்கிறது. தினமும் நிறையக் குடிக்கும் உடம்பில் குடியைச் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வேர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாதது தெரிவதும், நாள் கிழமை தெரியாமல் போவதும் 48 முதல் 72 மணி நேரத்தில். அவர் எங்கள் அறையில் டம்ளரை இரண்டு கையால் பிடித்தது ஏறக்குறைய 42-ஆவது மணி. எறும்பு தெரிந்தது 52-ஆவது மணி. இந்த நிலையைச் சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் நடுக்கத்துக்கும் குழப்பத்துக்கும் உரிய மருந்தும், தயமின் ஊசியும் போட்டார்கள். தயமின் என்பது பி1 வைட்டமின். நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கு அது குறைந்திருக்கும், அந்த நிலையில் அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலையை மருத்துவமனையிலேயே கழற்ற வேண்டியதாயிற்று.

ஐந்தாம் நாள் மனைவி எங்களுக்குப் போன் செய்தார். அடுத்த அமர்வுக்கு வர முடியாது என்று சொல்லத்தான். விஷயத்தைச் சொல்லிவிட்டு, கோபமே இல்லாத குரலில் ஆலோசகரிடம் சொன்னார்: "ஏ தாயி, என்னைத் தனியா ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா."

கோப்புகளைத் திரும்பப் படித்தபோது

அந்த வாரம் ஆறு பேருடைய கோப்புகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துப் படித்தேன். தப்பு ஒருவருடையது என்றால் எளிதாக இருந்திருக்கும். அப்படி இல்லை. ஆண்களின் கோப்புகளில் "இல்லை" என்றும் "எப்போதாவது" என்றும் மாறி மாறி இருந்தது, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, கடைசியாக எப்போது என்று ஒரு கோப்பிலும் இல்லை. பல கோப்புகளில் அந்த வரி காலியாகவே கிடந்தது.

தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். குடியைப் பற்றித் தெரியாமல் இல்லை. குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் பட்டியலை, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியது, எல்லாரும் கல்லூரியில் படித்திருந்தார்கள். மதிப்பெண் 8-ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்று ஒப்பித்தார்கள். அப்புறம் ஏன் கேட்கவில்லை?

ஒருவர் சொன்னார், "அப்பா வயசுள்ளவங்ககிட்ட எப்படி சார் கேக்கிறது?" இன்னொருவர், கேட்டு ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாது, அதனால் இல்லை என்ற பதிலே தனக்கு நிம்மதியாக இருந்தது என்றார். மூவர் "அது நம்ம வேலை இல்லைன்னுதானே சொன்னீங்க" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மையத்தின் ஒரே ஆண் ஆலோசகர் மட்டும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

முதல் முடிவு, அது பலிக்காத கதை

என் முதல் முடிவு எல்லாரும் எடுக்கும் முடிவுதான். ஒரு நாள் பயிற்சி. மனநல மருத்துவர் ஒருவர் வந்து காலை முதல் மாலை வரை அருமையாகப் பேசினார். மூளையில் டோபமைன் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து கல்லீரல் வரை. முன்னும் பின்னும் தேர்வு வைத்தோம், மதிப்பெண் எல்லாருக்கும் ஏறியது. மதியம் நல்ல சாப்பாடு.

மூன்று வாரம் கழித்துப் புதிய கோப்புகளைப் பார்த்தேன். "எப்போதாவது" என்ற சொல் அப்படியே இருந்தது.

இதில் நான் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற, மாறுவதற்கான காரணத்தை வந்தவரையே சொல்ல வைக்கும் பேச்சு முறையை 1983-இல் முதலில் எழுதிய வில்லியம் மில்லரும் சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. போதைச் சிகிச்சைத் துறையில் வேலை செய்யும் 140 பேரைப் பிரித்துப் பயிற்சி கொடுத்து, அவர்களுடைய உண்மையான அமர்வுகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். பட்டறைக்குப் போனவர்களில், அதன் பிறகு அமர்வுகளைப் பற்றிய கருத்தோ, தனிப்பட்ட வழிகாட்டலோ, இரண்டுமோ கிடைத்தவர்களிடம்தான் திறமை நன்றாக நிலைத்தது. இதை நான் வருடக்கணக்காக அறிவேன், கூட்டங்களில் மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் ஒரு நாள் வகுப்புதான் ஏற்பாடு செய்தேன், ஏனென்றால் ஏற்பாடு செய்ய எளிது.

எட்டு சனிக்கிழமைகள்

இரண்டாவது முறை, தை மாதத்தில் தொடங்கி எட்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்று வைத்தோம். பாடம் இல்லை. ஒருவர் ஆலோசகராகவும் ஒருவர் ஆலோசனைக்கு வந்தவராகவும் நடிப்பார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வந்தவரின் சம்மதத்தோடு பதிவுசெய்த அமர்வு ஒன்றை நானும் அந்த ஆலோசகரும் உட்கார்ந்து கேட்போம். ஆறு பேருக்கும் கேள்வியை மூளையில் ஏற்ற வேண்டியதில்லை, வாயில் ஏற்ற வேண்டும் என்பதுதான் யோசனை.

முதல் சனிக்கிழமை, அவர்கள் வழக்கமாகக் கேட்பதை அப்படியே செய்யச் சொன்னேன்.

"குடிப்பழக்கம் உண்டா சார்?"
"அதெல்லாம் இல்லம்மா."
"நல்லது. தூக்கம் எப்படி?"

ஆறு பேரில் ஐந்து பேர் "நல்லது" என்றார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்தான் கண்டுபிடித்தார். "இல்லை" என்பது நல்லது என்றால், "ஆமாம்" என்பது கெட்டது. வந்தவர் ஏன் நம்மிடம் கெட்டவராக ஆக வேண்டும்? அந்த ஒரு சொல்லை விடுவதற்கே இரண்டு சனிக்கிழமை பிடித்தது.

அடுத்தது அளவு. பாடநூல்கள் "ஒரு அலகு" என்று பேசும், நம் நாட்டுக் கணக்கில் அது 10 கிராம் ஆல்கஹால். எங்கள் பக்கத்தில் யாரும் அலகில் குடிப்பதில்லை. கட்டிங், குவார்ட்டர், ஆஃப், பீர். கரும்பலகையில் கணக்கு போட்டோம். பிராந்தி, விஸ்கி வகைகள் 42.8 சதவீதம். 30 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம். அப்படியானால் 180 மில்லி குவார்ட்டர் 6 அலகு, அதில் பாதியான கட்டிங் 3 அலகு. 650 மில்லி பீர், ஸ்ட்ராங் என்றால் 8 சதவீதம் வரை இருக்கும், அது ஒரு பாட்டிலே 4 அலகு. ஆடிட் பட்டியலின் மூன்றாவது கேள்வி, ஒரே நேரத்தில் 6 அலகோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்பது. "ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்று குறைத்துச் சொல்லும் ஆள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டார்.

அப்போதுதான் ஆண் ஆலோசகர் வாயைத் திறந்தார். "சார், அப்ப எனக்கே எட்டுக்கு மேல வருதே." யாரும் சிரிக்கவில்லை. அவர் மாதக்கணக்காக இந்தக் கேள்வியை மெதுவாகத் தாண்டிப் போனதற்குக் காரணம் அதுதான். அன்றைக்கு அவரே சொன்னார், எதிரே இருப்பவரிடம் கேட்டால் தன்னையே கேட்பதுபோல இருந்தது என்று.

மூன்றாவது சனிக்கிழமை நான் ஒரு பிழை செய்தேன். குடிப்பவரின் மனைவியாக நடிக்கும்படி ஒரு ஆலோசகரிடம் சொன்னேன். இரண்டு நிமிடம் பேசினார், அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய அப்பா குடித்துக் குடித்தே போனவர். சின்ன வயதில் ராத்திரி அம்மாவோடு கடை வாசலில் போய் நின்றிருக்கிறார். இந்தப் பயிற்சியைத் தொடங்கும் முன்பே, ஒவ்வொருவரிடமும் தனியாக, இது உங்கள் வீட்டைத் தொடும் விஷயமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியில் நானே கேட்கவில்லை. அடுத்த மூன்று வாரம் அவர் பார்வையாளராக மட்டும் இருந்தார். கடைசி இரண்டு வாரம் அவராகவே வந்து உட்கார்ந்தார். மனைவியாக நடிக்க மட்டும் மாட்டேன் என்றார், சரி என்றோம்.

ஐந்தாவது வாரத்தில் பேச்சு இப்படி மாறியிருந்தது:

"ஏலம் எத்தனை மணிக்கு முடியும் அண்ணாச்சி?"
"பதினொன்னு, பதினொன்னரை ஆயிரும்."
"அதுக்கப்புறம்?"
"வீடுதான். சில நாள் பயலுவளோட நிப்பேன்."
"நிக்கும்போது கட்டிங்கா, குவார்ட்டரா?"
"...குவார்ட்டர்தாம்மா."
"பகலுக்கு ஒன்னு. ராத்திரிக்கு?"
"ராத்திரிக்கும்தான்."
"கடைசியா எடுத்தது எப்போ?"

குடிக்காதவரிடம் இப்படிக் கேட்டால் கோபப்பட மாட்டாரா என்று ஒரு விவாதம் எழுந்தது. கேட்டுப் பார்த்தோம். "நான் அதைத் தொட்டதே கிடையாது தாயி" என்று சிரித்தவர்கள் உண்டு, ஒருவர் தன் தம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கோபப்பட்டவர் இதுவரை இல்லை.

எட்டு வாரத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளில் முக்கியமானது "கடைசியா எப்போ" என்ற கேள்வியை முதல் அமர்விலும், வந்தவர் வாடியோ நடுங்கியோ வந்தால் எந்த அமர்விலும், வேறு எதற்கும் முன்னால் கேட்பது. தினமும் குடிப்பவர் நிறுத்தி நான்கு நாளுக்குள் நடுக்கம், வேர்வை, வாந்தியோடு வந்தாலும், முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததாகச் சொன்னாலும், அன்று ஆலோசனை கிடையாது, மருத்துவமனைதான். ஆலோசகர் கூடவே போக வேண்டும் அல்லது டாக்டருக்குப் போன் செய்துவிட்டு அனுப்ப வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவரிடம் "இன்னைக்கே விட்டுடுங்க" என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. இது சிலருக்கு ஏற்க முடியாமல் இருந்தது. விடச் சொல்லாமல் பின்னே என்ன ஆலோசனை என்றார்கள். விடுவது வேண்டும், டாக்டரைப் பார்த்துவிட்டு விடட்டும் என்பதுதான் பதில்.

வந்தவரோடும் துணையோடும் தனித்தனியாகப் பத்து நிமிடமாவது பேசுவது இன்னொரு முடிவு. அதன் பலன் உடனே தெரிந்தது, கீழே சொல்கிறேன். பதிவுப் படிவத்தில் ஐப்பசி மாதத்துக்கென்று ஒரு கேள்வியும் சேர்த்தோம்: இந்த வருஷம் மாலை போடுகிறீர்களா? எங்கள் பக்கத்தில் குடிப்பவர்கள் வருடத்தில் ஒரு தடவை குடியை நிறுத்தும் காலம் கார்த்திகைதான், திருச்செந்தூருக்கு மாலை போடுகிறவர்களும் உண்டு. விரதத்தை யாரும் தடுக்கப் போவதில்லை. இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, மருந்து உதவியோடு குடியை நிறுத்தினால் விரதம் முழுசாக முடியும்.

அவர் திரும்பி வந்தது

இதற்கிடையில், மார்கழிக் கடைசியில், அதாவது சனிக்கிழமைகள் தொடங்கும் முன்பே, தம்பதியர் திரும்பி வந்துவிட்டார்கள். ஆலோசகர் தன்னால் முடியாது, வேறு யாராவது பார்க்கட்டும் என்றார். நான் யோசித்தேன். ஆலோசகரிடம் இருந்த குற்ற உணர்ச்சி வந்தவரைச் சரிக்கட்டும் வேலையாக மாறிவிடலாம் என்ற பயம் இருந்தது. ஆனால் வந்தவர் "அந்தப் பிள்ளைகிட்டயே பேசுதேன்" என்று சொல்லியிருந்தார். மருந்து மருத்துவமனையில், பேச்சு எங்களிடம், இரண்டு பக்கமும் மாதம் ஒரு முறை போனில் பேசிக்கொள்வது, அமர்வுகளை நான் கூடுதலாகக் கவனிப்பது என்று முடிவு செய்து அதே ஆலோசகரையே தொடரச் சொன்னேன்.

முதலில் ஆலோசகர் மன்னிப்புக் கேட்டார். வந்தவருக்கு அது பெரிதாகவே படவில்லை. அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறு. மாலையைப் பாதியில் கழற்றியது. சாமி குற்றம் ஆகிவிட்டது, அதனால்தான் வியாபாரம் படுத்துவிட்டது என்று நம்பினார். நாங்கள் குடியைப் பற்றிப் பேசக் காத்திருந்தோம், அவர் விரதத்தைப் பற்றியே மூன்று அமர்வு பேசினார். ஆலோசகர் அவசரப்படாமல் கேட்டார். மூன்றாவது அமர்வின் முடிவில் அவரே சொன்னார், "அடுத்த கார்த்திகைக்கு முழுசா போடணும். அதுக்கு இப்பமே விட்டாத்தான் உண்டு." ஆலோசகர் சொல்லி வந்த காரணமாக இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் நின்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

மனைவியோடு தனியாகப் பேசியபோது இன்னொன்று வெளியே வந்தது. புரட்டாசியில், எங்களிடம் வருவதற்கு முன்னால், குடியை மறக்கடிக்கும் என்று விளம்பரம் பார்த்து ஒரு பொடியை வாங்கி அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்திருக்கிறார். அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. குடியை விடுவதற்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் டைசல்ஃபிராம் ஒன்று. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும், சிலருக்கு உயிராபத்தாகவும் முடியும். அதனால்தான் குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒளித்துக் கலக்கும் பொடியிலோ மாத்திரையிலோ அந்த ஒப்புதல் கிடையாது. அந்த அக்காவை ஆலோசகர் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. இருபது வருஷம் ஒரு மனுஷி தனியாகத் தவித்தால் இதையும்தான் செய்வார். மீதி இருந்த பொடியை டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறப்படுத்தினார்கள்.

தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அவர் குடிக்கவில்லை. சித்திரையில் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை விழா. சாமிக்குப் படைப்பில் சாராயப் பாட்டிலும் சுருட்டும் உண்டு, படைத்ததை ஆண்கள் பகிர்ந்துகொள்வார்கள், வேண்டாம் என்று சொல்வது சாமியையே வேண்டாம் என்று சொன்னதாகப் படும். இதை நாங்கள் முன்கூட்டியே யோசித்திருக்கலாம். கார்த்திகையைப் பிடித்த கையோடு சித்திரையை விட்டுவிட்டோம். முதல் நாள் படைப்பில் ஒரு மடக்கு, அதிலிருந்து தொடர்ந்து நான்கு நாள்.

ஐந்தாம் நாள் காலையில், முன்பதிவு இல்லாமல், தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டார். ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ அண்ணாச்சி?" அவர் லேசாகச் சிரித்தார். "நேத்து ராத்திரி எட்டு மணி." கை நடுங்கவில்லை. ஆனாலும் போன தடவைக் கதை தெரியும் என்பதால் காத்திருக்காமல் ஆலோசகரே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். இந்த முறை சேர்க்கத் தேவைப்படவில்லை, மருந்து கொடுத்து மூன்று நாள் தினமும் வந்து காட்டச் சொன்னார்கள்.

ஐப்பசியில் டாக்டரையும் எங்களையும் பார்த்துவிட்டு, கார்த்திகை முதல் தேதி மாலை போட்டார். 41 நாளும் இருந்து மலைக்குப் போய் வந்தார். மாலை கழற்றிய ராத்திரிதான் பலருக்கும் முதல் பாட்டில் திறக்கும் ராத்திரி என்பதால் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம்: மறுநாள் காலை பத்து மணிக்கு அமர்வு. வந்தார். இதை எழுதும்போது பொங்கல் தாண்டிவிட்டது. அடுத்த கொடைக்கு என்ன செய்வது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். படைப்புக்குப் பொறுப்பேற்பதைத் தம்பியிடம் விடலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது, குடும்பத்தில் அதற்கு இன்னும் ஒப்புதல் இல்லை.

மறுபடி செய்தால்

ஒரு நாள் வகுப்பை விட்டுவிடுவேன், அல்லது எட்டாவது சனிக்கிழமைக்குப் பிறகு வைப்பேன். கேள்வி கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த மருத்துவர் சொன்னது இன்னும் நன்றாக ஏறியிருக்கும்.

மருத்துவமனையோடு தொடர்பு ஏற்படுத்தியது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. அதை முதலில் செய்திருக்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டு எங்கே அனுப்புவது என்று தெரியாத ஆலோசகர் கேட்கவே மாட்டார் என்பதை ஆறில் ஒருவர் வாயாலேயே கேட்டேனே. இப்போது ஒவ்வொரு மேசையிலும் ஒரு அட்டை இருக்கிறது: அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416.

வரவேற்பில் "இங்க பாக்கிறதில்ல" என்ற பதில் நின்றுவிட்டது. அந்த அம்மாவையும் சனிக்கிழமைகளில் உட்கார வைத்திருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று இன்னும் தீரவில்லை. பயிற்சிக்குப் பின் ஆறு மாதக் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஆண்களிடம் ஏறக்குறைய எல்லாரிடமும் கேட்டிருக்கிறார்கள், அளவோடு, கடைசி நேரத்தோடு. பெண்களின் கோப்பில் அந்த இடம் பெரும்பாலும் காலி. முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு அம்மா தீராத தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் நான்கு அமர்வு வந்திருந்தார். ஐந்தாவதில் பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்கப் பையைத் திறந்தபோது மாத்திரை அட்டைகள் சரிந்தன. கழுத்து வலிக்கென்று தொடங்கி, மருந்துக்கடையில் தானே வாங்கி, நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு. வாயில் புகையிலை வேறு. ஆலோசகர் பயிற்சி பெற்றவர்களில் நன்றாகக் கேட்பவர். ஏன் கேட்கவில்லை என்றேன். "அவங்ககிட்ட போய் என்னன்னு கேக்கிறது சார், வார்த்தையே இல்லையே" என்றார். குவார்ட்டர், கட்டிங் என்று ஆண்களுக்குச் சேர்த்து வைத்தோம். பொயிலை, மாத்திரை, இருமல் டானிக், இதற்கெல்லாம் பெண்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. அந்த அம்மா சம்மதித்திருக்கிறார், வருகிற சனிக்கிழமை வந்து உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லித் தருகிறார்.